கன்றுகளுக்கு 'கேக்' பரிமாறும் மணல் தேசம்!

ஜனவரி மாதம், காலை ஏழரை மணி. வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியைக் காட்டுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனி போர்த்திய குன்றுகள். வீடு இல்லை, மரம் இல்லை, மனித நடமாட்டம் இல்லை. திடீரென்று ஒரு பிக்கப் வண்டியின் சைரன் சத்தம். அவ்வளவுதான்... குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கன்றுகள் ஓடி வருகின்றன, சாப்பாட்டு மணி அடித்ததும் வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஓடி வருவதுபோல!

வண்டியின் பின்னால் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதன் வாயிலிருந்து கட்டைவிரல் பருமனில் தீவனத் துண்டுகள் பனியின்மேல் ஒரே கோடாக விழுகின்றன. கன்றுகள் அந்தக் கோட்டின் இருபுறமும் வரிசை கட்டி நிற்கின்றன. பந்தியில் இலை போட்ட மாதிரி.

இந்தத் தீவனத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர், 'கேக்'.

பிறந்தநாள் கேக் அல்ல. பருத்திக்கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவதை நாம் பிண்ணாக்கு என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கேக். அந்தக் காலத்தில் அங்கே மாடுகளுக்கு அதைத்தான் போட்டார்கள். இன்று துண்டுக்குள் இருக்கும் சரக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

காய்ந்த புல்லோடு கொஞ்சம் பிண்ணாக்கு. நம் ஊர்க் கட்டுத்தறியில் தெரிந்த அதே கணக்குதான். ஆனால், அந்தக் கணக்கில் ஒரு பகுதியின் வாழ்க்கையே ஓடுகிறது என்றால், அது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள 'சாண்ட்ஹில்ஸ்'தான்.

புல் போர்த்திய பாலைவனம்

சாண்ட்ஹில்ஸ் என்றால் மணல் குன்றுகள். பெயர் பொய்யில்லை. சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் இந்தக் குன்றுகள் அத்தனையும் காற்று கொண்டுவந்து குவித்த மணல். நெப்ராஸ்கா மாநிலத்தில் கால் பங்குக்கு மேல் இதுதான். சில குன்றுகள் 120 மீட்டர் உயரம் இருக்கும். ஒரே குன்று 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் போவதும் உண்டு. பூமியின் மேற்குப் பாதியில் இதைவிடப் பெரிய மணல் குன்றுத் தொகுதி கிடையாது.

ஆனால், போய் நின்று பார்த்தால் மணலே கண்ணில் படாது. எங்கு பார்த்தாலும் புல். வேர்களால் மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் புல். அந்தப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நீண்ட வறட்சி வந்தபோது இந்தக் குன்றுகள் மறுபடி நகர்ந்திருக்கின்றன என்கிறார்கள் மண் ஆய்வாளர்கள். இன்றும் ஓர் இடத்தில் புல் செத்தால், காற்று அங்கே குழி பறிக்க ஆரம்பித்துவிடும். வேலி ஓரத்தில் மாடுகள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம்கூட சில வருடங்களில் பெரிய மணல் பள்ளமாகிவிடும்.

இன்னோர் ஆச்சர்யம், தண்ணீர். மழை அதிகம் இல்லாத இந்த மணலுக்கு அடியில் 'ஓகல்லாலா' எனும் மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. பெய்யும் மழையையெல்லாம் மணல் உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுகிறது. குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் அந்த நீர் ஏரிகளாகத் தலைகாட்டும். நீர்மட்டம் தரைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் இடங்களில் யாரும் பாய்ச்சாமலே புல் இடுப்பளவுக்கு வளரும். இந்த ஈரமான புல்வெளிகள்தான் சாண்ட்ஹில்ஸின் சேமிப்புக் கணக்கு. குளிர்காலத்துக்கான புல் இங்கேதான் அறுக்கப்படுகிறது.

தொலைந்த மாடுகள் காட்டிய வழி

லகோட்டா, பாவ்னி பழங்குடி மக்களுக்கும் காட்டெருமைக் கூட்டங்களுக்கும் பழகிய நிலம் இது. பின்னால் வந்த மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கோ இந்தக் குன்றுகள் என்றாலே பயம். உள்ளே போனால் திசை தெரியாது, செத்துப்போவோம் என்று விளிம்பிலேயே நின்றுவிட்டார்கள். 1879-ல் வந்த ஒரு பனிப்புயல் அதை மாற்றியது. நயோப்ரரா நதியோரப் பண்ணை ஒன்றின் மாடுகள், காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்து குன்றுகளுக்குள் போய்விட்டன. செத்திருக்கும் என்று நினைத்துத் தேடிப் போனவர்கள் கண்டது, கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்த மாடுகளை. முந்தைய ஆண்டுகளில் தொலைந்துபோன, யாருடைய முத்திரையும் இல்லாத மாடுகளும் சேர்ந்தே கிடைத்தன!

விவசாயிகளும் வந்து பார்த்தார்கள். 1904-ல் கொண்டுவரப்பட்ட 'கின்கெய்ட்' சட்டம், இங்கே குடியேறும் ஒவ்வொருவருக்கும் 640 ஏக்கர் நிலம் தந்தது. வந்தவர்கள் ஏர் பூட்டினார்கள். புல்லின் பிடி போனதும் மணல் பறந்தது, பயிர் போனது. பெரும்பாலானவர்கள் கிடைத்த விலைக்கு நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். இந்த மண்ணில் உழக் கூடாது, மேய்க்கத்தான் வேண்டும் என்ற பாடம் அப்படித்தான் எழுதப்பட்டது.

இன்று சாண்ட்ஹில்ஸில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இறைச்சி இனப் பசுக்கள் இருக்கின்றன. இங்குள்ள செர்ரி கவுண்ட்டியின் பரப்பு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 5,500 பேர்தான். சராசரியாக மூன்று சதுர கிலோமீட்டருக்கு ஒருவர்தான். ஒரே கவுண்ட்டிக்குள் இரண்டு நேர மண்டலங்கள் வேறு. கிழக்கே எட்டு மணி என்றால் மேற்கே ஏழு!

ஜூலையில் அறுத்தால்தான் ஜனவரியில் சாப்பாடு

மார்ச், ஏப்ரலில் பிறக்கும் கன்றுகள் கோடை முழுக்கத் தாய்ப்பாலும் பசும்புல்லுமாக வளர்ந்து, அக்டோபர், நவம்பரில் பால்குடி மறக்கடிக்கப்படுகின்றன. அப்போது ஒரு கன்றின் எடை 220 முதல் 250 கிலோ வரை இருக்கும். பண்ணைக் குடும்பம் அந்த வருடத்தின் மிகப் பெரிய முடிவை எடுக்கும் நேரம் அது. கன்றுகளை இப்போதே சந்தையில் விற்றுவிடலாமா, அல்லது குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, எடை ஏற்றி, அடுத்த ஆண்டு விற்கலாமா?

வைத்திருப்பது என்று முடிவெடுத்தால் ஆறு மாதத் தீனி வேண்டும். ஒரு கன்று தினமும் சுமார் ஐந்து கிலோ காய்ந்த புல் தின்னும். ஆறு மாதத்துக்கு 900 கிலோ. பனியிலும் சேற்றிலும் மிதிபட்டு வீணாவதையும் சேர்த்தால், ஒரு கன்றுக்கு இரண்டு பெரிய உருளைக் கட்டுகள் தேவைப்படும். ஒரு கட்டின் எடை அரை டன்னுக்கு மேல். 300 கன்றுகள் உள்ள பண்ணை என்றால் 600 கட்டுகள். தாய்ப்பசுக்களின் பங்கு தனி.

முன்பெல்லாம் குதிரை பூட்டி வாரி, புல்லைப் பெரிய போர்களாகக் குவித்தார்கள். 1970-களில் ஒரே ஆள் ஓட்டக்கூடிய உருளைக் கட்டு இயந்திரம் வந்ததும் காட்சி மாறியது. இப்போது ஆகஸ்டில் போனால், புல்வெளிகளில் யாரோ ராட்சதப் பாய்களைச் சுருட்டி வைத்ததுபோல உருளைகள் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் புல்லை வைக்கோல் என்று நினைத்துவிட வேண்டாம். வைக்கோல், நெல்மணி போன பிறகு மிஞ்சும் தாள். இது, பச்சையாக இருக்கும்போதே அறுத்து வெயிலில் உலர்த்திய புல். அறுக்கும் நாளில்தான் சிக்கலே. ஜூன் தொடக்கத்தில் அறுத்தால் புல் இளசு, புரதம் அதிகம். ஆனால், விளைச்சல் குறைவு. தரையும் ஈரமாக இருப்பதால் டிராக்டர் புதையும். ஜூலை நடுவில் அறுத்தால் கட்டுகள் நிறையக் கிடைக்கும். ஆனால், புல் முற்றித் தண்டாகி, புரதம் ஏழு, எட்டு சதவிகிதத்துக்கு இறங்கியிருக்கும். எண்ணிக்கையா, சத்தா? பெரும்பாலும் எண்ணிக்கைதான் ஜெயிக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 'கேக்'.

மாட்டுக்கு முன்னால் சாப்பிடும் விருந்தாளிகள்

வயிறு முட்டப் புல் இருக்கும்போது எதற்குக் கூடுதல் தீவனம்?

மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், முதல் பந்தியில் சாப்பிடுவது அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். புல்லின் நாரை உடைப்பது அவைதான். அவற்றின் வேலைக்குத் தீனியில் குறைந்தது ஏழு சதவிகிதமாவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகும். உள்ளே போன புல் நகராது. புல் நகராவிட்டால் மாட்டுக்குப் பசிக்காது. கண்ணெதிரே புல் மலைபோல் கிடக்கும், மாடு மெலியும்.

வளர்ந்த பசு எப்படியாவது சமாளித்துவிடும். வளரும் கன்றுக்கு அது போதாது. எலும்பும் தசையும் வைக்கும் வயது. ஏழு சதவிகிதப் புரதம் உள்ள புல்லை ஐந்து கிலோ தின்றால் கிடைக்கும் புரதம் 350 கிராம். ஒரு நாளைக்கு முக்கால் கிலோ எடை ஏற வேண்டும் என்றால் 500 கிராமுக்கு மேல் தேவை. புல்லை மட்டும் நம்பினால் தினமும் கால் கிலோ ஏறுவதே பெரிய விஷயம். 30 சதவிகிதப் புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோ சேர்ந்தால், கூடுதலாக 300 கிராம் புரதம் உள்ளே போகிறது. எடை ஏற்றம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது.

'சத்துதானே வேண்டும், மக்காச்சோளத்தை அள்ளிக் கொட்டலாமே?' என்று தோன்றலாம். அங்கேதான் பலர் ஏமாந்திருக்கிறார்கள். சோளத்தின் மாவுச்சத்து அதிகமானால், பெருவயிற்றில் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, நாரை உடைப்பவை ஒடுங்கிவிடும். கன்று சோளத்தைத் தின்றுவிட்டுப் புல்லை ஒதுக்கும். கஷ்டப்பட்டு அறுத்த புல் வீண். யூரியாவும் குட்டிகளுக்கு உதவாது. அது நுண்ணுயிர்களுக்குத் தீனியாகுமே தவிர, வளரும் கன்றுக்குக் குடலில் நேரடியாகப் போய்ச் சேர வேண்டிய புரதத்தைத் தராது.

பெட்ரோல் பங்க்கிலிருந்து தொட்டிக்கு...

விடை வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. நெப்ராஸ்காவின் கிழக்கும் தெற்கும் மக்காச்சோள பூமி. அந்தச் சோளத்தைப் புளிக்கவைத்து, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலாக மாற்றுகிறார்கள். எத்தனால் உற்பத்தியில் அமெரிக்காவில் இரண்டாவது இடம் இந்த மாநிலத்துக்கு. புளிக்கும்போது சோளத்தின் மாவுச்சத்து போய்விடும். சுமார் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள சக்கை மிஞ்சும். புரதம், கொழுப்பு, நார் எல்லாம் அதில் மும்மடங்காகத் திரண்டிருக்கும். பத்து சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்த புரதம் 30 சதவிகிதம் ஆகிறது.

புல்லைக் கெடுக்கும் மாவுச்சத்து இல்லை. புரதத்தில் பாதிக்கு மேல் பெருவயிற்றைத் தாண்டி நேராகக் குடலுக்குப் போகிறது. முற்றிய புல் தின்னும் கன்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி!

உழவே கூடாது என்று பாடம் கற்ற மண்ணுக்கு, வேறு மண்ணில் விளைந்த சோளம் சக்கையாக வந்து சேர்கிறது. சிலர் தொட்டியில் தூளாகப் போடுகிறார்கள். சிலர் துண்டாக்கிப் புல்தரையில் கொட்டுகிறார்கள். தினமும் போய்வர முடியாத தூரம் என்றால், வாரத்துக்கான அளவை மூன்று நாளாகப் பிரித்தும் போடுவதுண்டு. எடை ஏற்றம் கொஞ்சம் குறையும், டீசல் மிச்சமாகும்.

கண்மூடித்தனமாகப் போடவும் முடியாது. சக்கையில் கந்தகம் கூடினால் கன்றுக்கு மூளை பாதிக்கும். பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அந்தச் சமன்பாடு கெட்டால் காயடித்த காளைக் கன்றுகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். அதனால் சுண்ணாம்புத் தூள் சேர்க்கிறார்கள். இதற்கெல்லாம் முதல் படி, புல்லைச் சோதிப்பது. நீண்ட குழாயைக் கட்டுக்குள் திருகி இறக்கி, பல கட்டுகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பார்க்கப் பச்சையாக இருக்கும் புல்லில் சத்து இல்லாமலும் இருக்கலாம். கண் பொய் சொல்லும், ஆய்வகம் சொல்லாது.

இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே விட்மன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணை ஒன்று இயங்குகிறது. பெயர், கட்மன்ட்சன் சாண்ட்ஹில்ஸ் ஆய்வகம். 1978-ல் ஒரு பண்ணைத் தம்பதி கொடையாகக் கொடுத்த சுமார் 12,800 ஏக்கர் நிலம் அது.

வானத்திலிருந்து விழுந்த புல்

இவ்வளவு கணக்கும் ஒரே இரவில் தலைகீழாகலாம். உலர்ந்த குளிர்கால ரோமம் இருந்தால், மைனஸ் 7 டிகிரி வரை மாடு பெரிதாகக் கவலைப்படாது. நாரைச் செரிக்கும்போது வயிற்றில் உண்டாகும் சூடே அதற்குக் கம்பளி. ஆனால், ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே குளிரத் தொடங்கும். அந்த நேரத்தில் கூடுதல் தீனி இல்லையென்றால், சேர்த்த எடை கரைந்துவிடும்.

1949 ஜனவரியில் அடுத்தடுத்து வந்த பனிப்புயல்கள் பண்ணைகளை வாரக்கணக்கில் துண்டித்தன. புல் போர்கள் ஓரிடத்தில், மாடுகள் இன்னோரிடத்தில், நடுவே ஆளுயரப் பனி. ராணுவ புல்டோசர்கள் வழி திறந்தன. விமானங்கள் வானத்திலிருந்து புல் கட்டுகளை வீசின. 70 ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில் நெப்ராஸ்காவைப் பனிப்புயலும் வெள்ளமும் ஒன்றாகத் தாக்கியபோதும் அதே காட்சி. கிழக்கே வெள்ளத்தில் சிக்கிய மாடுகளுக்கு ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து உருளைக் கட்டுகள் தள்ளிவிடப்பட்டன. கன்று ஈனும் பருவம் அது. பிறந்த சூட்டிலேயே ஏராளமான கன்றுகள் மடிந்தன.

பனியைவிடக் கொடியது வறட்சி. 2012-ல் மழை பொய்த்தது. புல் அறுப்பு சரிந்து, வாங்கப்போனால் விலை எட்டவில்லை. பலர் பசுக்களையே விற்றார்கள். பசு போனால் பணம் வரும். ஆனால், எந்தப் பசு பனியில் கன்றைக் காப்பாற்றும், எது குன்றேறி மேயும் என்று தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மந்தை, மறு வருடம் மழை பெய்ததும் திரும்பி வந்துவிடாது. அதனால்தான் அனுபவசாலிகள் நல்ல வருடத்தில் மிஞ்சும் கட்டுகளை விற்பதில்லை. அடுத்த கெட்ட வருடத்துக்கு எடுத்துவைக்கிறார்கள்.

போய்ப் பார்க்க ஆசையா?

கிராண்ட் ஐலண்டிலிருந்து அலையன்ஸ் வரை செல்லும் நெடுஞ்சாலை எண் 2-ஐப் பிடித்தால் போதும். சுமார் 440 கிலோமீட்டர். பக்கத்திலேயே தண்டவாளம். நிலக்கரி ஏற்றிய நீண்ட ரயில்கள் கூடவே வரும். குன்றுகளுக்கிடையே காற்றாடிகள் சுழன்றபடி நிலத்தடி நீரை மாட்டுத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டிருக்கும். அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

கோடையில் போனால் ஒரு வேடிக்கை உண்டு. மாடு தண்ணீர் குடிக்கும் வட்டத் தொட்டியை ஆற்றில் மிதக்கவிட்டு, உள்ளே பெஞ்சு போட்டு, குடும்பமாக உட்கார்ந்து மிதந்துபோகிறார்கள். நம் ஒகேனக்கல் பரிசலின் தூரத்துச் சொந்தம்! இரவில் வேலன்டைன் நகருக்குப் பக்கத்தில் மெரிட் நீர்த்தேக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், பால்வீதி தலைக்கு மேல் கொட்டிக்கிடக்கும். ஆண்டுதோறும் வானியல் ஆர்வலர்கள் அங்கே கூடுகிறார்கள். சாலையின் முடிவில் அலையன்ஸில், பழைய கார்களை நட்டு வைத்து உருவாக்கிய 'கார்ஹெஞ்ச்' குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

ஆனால், சாண்ட்ஹில்ஸின் உண்மையான திருவிழாவுக்கு எந்த விளம்பரமும் கிடையாது. அது மே மாதத்தில், குன்றுகள் மறுபடி பச்சையாகும் ஒரு காலையில் நடக்கிறது. ஆறு மாதமாகக் காய்ந்த புல்லும் கேக்கும் தின்ற கன்றுகளுக்கு மேய்ச்சல் வேலி திறக்கப்படும். குளிர்காலத்தில் சற்று மெலிந்த கன்றுகள் பசும்புல்லில் வேகமாக எடை போடும். ஆனால், விட்டதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும், முழுவதையும் அல்ல. ஜனவரியில் போட்ட ஒவ்வொரு கிலோ கேக்கும் லாபமா, நஷ்டமா என்பது செப்டம்பர் சந்தையில்தான் தெரியும்.

கன்றுகள் குன்றேறி மறைந்ததும் பண்ணைக்காரர் வண்டியைத் திருப்புவது வீட்டுக்கு அல்ல, போரடிக்கு. அங்கே மிஞ்சியிருக்கும் புல் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். அடுத்த ஜூலைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.